காட்டுக்கு இரவல் போன குழவி

சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் எங்கள் தெருவின் தார் இளகிக் கிடக்கும். செருப்பில்லாமல் அதைக் கடக்கிறவர்கள் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து, நடுவில் ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து ஆற்றிக்கொண்டு, மறுபடி ஓடுவார்கள். அப்படி ஓடி, தெருக்கோடியில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இறங்குகிற இடத்தில், முதல் சருகின் மேல் கால் பட்டதும் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஒரு குளிர்ச்சி ஏறும். கண்ணுக்கு நிழல் தெரிவதற்கு முன்னாலேயே காலுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. 'காடு' என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவு வருவது அந்தக் குளிர்ச்சிதான்.

உண்மையைச் சொன்னால் அது காடே இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து தாமிரபரணிக்கு இறங்கும் பக்கத்தில், எங்கள் தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவே, யாரும் நடாமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தன்பாட்டுக்கு வளர்ந்து நின்ற ஒரு மரக்கூட்டம், அவ்வளவுதான். வெற்றிலை போட்டு முதல் சாறு துப்புவதற்குள் குறுக்கே நடந்து முடித்துவிடலாம். வெளுத்த தண்டும் யானைக்கால் போன்ற அடியுமாக மருதமரங்கள், வாய்க்கால் ஓரத்தில் பூவரசு, நடுவில் இரண்டு கிழட்டு இலுப்பை, நாக்கை ஊதாவாக்குகிற நாவல், பெயர் தெரியாத கொடிகள். இலுப்பைக் கிளைகளில் பகலெல்லாம் 'வாவல்' தொங்கும். பெரியவர்கள் வௌவால் என்று சொல்லிக் கேட்டதே இல்லை. பரீட்சைக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அங்கே தூங்குவார்கள். கோர்ட்டுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். இடம் யாருடையது என்று கேட்டால் 'சர்க்கார் எடம்' என்பார்கள். அதற்கு, யாருடையதும் இல்லை என்று பொருள்.

அந்தக் காட்டை நம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷி எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் என் அப்பாவின் அக்கா, கோமதி அத்தை. சேரன்மகாதேவியில் வாழ்க்கைப்பட்டு, சின்ன வயதிலேயே கணவனை இழந்து, தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்தவள் ஒடுங்கி மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று யாராவது நினைத்தால் அவர்கள் அத்தையின் வாயைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பால்காரன் முதல் பக்கத்து வீட்டுச் சேவல் வரைக்கும் அவளிடம் ஏச்சு வாங்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. அவளை அடக்கியது ஒன்றே ஒன்று, 'இளைப்பு'. அது வந்துவிட்டால் நெஞ்சுக்குள்ளிருந்து கதவுக் கீல் உராய்கிற மாதிரி ஒரு சத்தம் எழும்பும். கழுத்து நரம்பு புடைக்கும். பேச வாயெடுத்துப் பாதியில் கையை ஆட்டி நிறுத்திவிடுவாள். அத்தையின் பாதிப் பேச்சைக் கேட்கும்போதுதான் எனக்கு அழுகை வரும்.

எங்கள் வீடு இளைப்புக்காரர்கள் இருக்கத் தகுந்த வீடு இல்லை. இரண்டே அறை, அடுப்படியில் விறகடுப்பு, எதிர்ச்சாரியில் அரிசி ஆலை. ஆலை ஓடும் நாளில் உமித்தூசி காற்றில் மிதந்து வந்து, துடைத்த தரையில் மறுபடி விரலால் எழுதலாம் போலப் படியும். பெரியாஸ்பத்திரி டாக்டர், "புகை ஆகாது, தூசி ஆகாது" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அதைக் கேட்டு அத்தை, "அப்போ மூச்சே ஆகாதுன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே" என்றாள். ஆனால் அவள் யோசித்துவிட்டாள். மறுநாள் காலையில் கோலம் காய்வதற்கு முன்னால் நார்க்கட்டிலின் ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, "ஏட்டி வடிவு, அங்கன புடி. மூச்சு கெடைக்கிற எடத்துக்குப் போவோம்" என்றாள். காட்டில் இருந்ததிலேயே பெரிய மருதத்தின் அடியில் கட்டில் போடப்பட்டது. அதற்குப் பிறகு மழை நாள் தவிர மற்ற நாளெல்லாம் பகலில் அத்தையின் வீடு அதுதான்.

மரத்துக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் எடுத்துச் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வாய்க்கால் பாலம் தாண்டி நாலு மரம் உள்ளே போனதும் அத்தையின் நெஞ்சிலிருந்து வந்த கீல் சத்தம் பைய அடங்கும் என்பதுதான். ஆற்றிலிருந்து வரும் காற்று இலைகளுக்குள் நுழைந்து ஈரமாகி வரும். ஆலைத்தூசி வாய்க்காலைத் தாண்டாது. அத்தை கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, நெடிய மூச்சு ஒன்றை உள்ளே இழுத்து, அது முழுசாக உள்ளே போனதை நம்ப முடியாதவள் போல மறுபடி ஒன்று இழுத்துப் பார்ப்பாள். பிறகு கண்ணைத் திறந்து முதல் வேலையாக யாரையாவது ஏசுவாள். அந்த முதல் ஏச்சைக் கேட்டால்தான் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

அவள் போனதும் தெருப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணம் முக்கூடல் பக்கத்திலிருந்து வந்தவள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்க்காமலேயே சுற்றுவாள். என் அம்மா முருங்கைக்கீரை உருவ வருவாள். பிரசவத்துக்கு வந்த பெண்கள் பிள்ளைகளைத் தூளியிலிட்டு ஆட்டுவார்கள். ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் வெந்துகொண்டிருந்த எங்கள் தெருவின் பகல் பொழுது முழுவதும் மெல்ல மெல்லக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது.

அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். சாலை போடுகிற சங்கதிகள் அவர் மேஜை வழியாகப் போகும். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, இலையைப் பார்த்துக்கொண்டே, "ஆத்துப் பாலத்துக்கு நேரா ரோடு போடப் போறாவ. காடு பூராவும் போவுது" என்றார். அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் பயம் இருந்திருக்காது. பேசாமல் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள். அடுத்த சில நாட்களில் ஆட்கள் வந்து மரத்தின் பட்டையைச் சீவி, சிவப்புச் சாயத்தில் எண் எழுத ஆரம்பித்தார்கள். ஆற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கித் தெருவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அத்தையின் மருதத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலையில் அம்மா துவையல் அரைக்கப் போனவள், "மதினி, அம்மி கெடக்கு, குழவியைக் காணோமே" என்றாள்.

"எரவல் குடுத்திருக்கேன்" என்றாள் அத்தை.

"யாருக்கு?"

"காட்டுக்கு."

நான் ஓடினேன். பெரிய மருதத்தின் இடுப்பில் புது மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில், வேர் பிரிகிற கவட்டில், தலை முதல் கால் வரை மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டும் செவ்வரளி மாலையுமாக நின்றிருந்தது எங்கள் வீட்டுக் குழவி. பூசிய மஞ்சளையும் மீறி அதன் ஒரு முனையில் இருந்த பழைய மூளி எனக்குத் தெரிந்தது. எங்கள் வீடு சைவ வீடு. திருநீறும் பூசையும் உண்டே தவிர மரத்தடித் தெய்வங்களுக்கு நாங்கள் கும்பிடு போடுவதில்லை, அவற்றின் கொடைத் திருவிழாவுக்குக் கூடப் போவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள், விடிவதற்கு முன்னால் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாங்க வாய்க்கால் பாலத்தைத் தாண்டியிருக்கிறாள். எத்தனை இடத்தில் இறக்கி வைத்து, உட்கார்ந்து எழுந்து போனாளோ தெரியாது.

சாயக்காரர்கள் வந்தபோது அத்தை வழக்கம்போல் கட்டிலில் இருந்தாள். மஞ்சள் துணியைப் பார்த்ததும் அவர்கள் கொஞ்சம் தள்ளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். "என்ன சாமி ஆச்சி?" என்று ஒருவன் கேட்டான். எல்லாவற்றையும் யோசித்திருந்த அத்தை, சாமிக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டாள். அவள் வாயைத் திறந்து மூடினாள். இளைப்பு வந்துவிட்டதோ என்று நான் பயந்தேன். அப்போது பீடித் தட்டிலிருந்து நிமிராமலேயே சொர்ணம் சொன்னாள்: "இசக்கி. துடியானவ. தெரியாம கைய வச்சிராதிய." அவர்கள் சாயத் தகரத்தை மூடிக்கொண்டு போனார்கள். போகிறபோது ஒருவன் குழவிக்கு முன்னால் ஒரு காசு வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் பக்கத்தில் மரத்தைத் தொட்டால் சட்டம் கேட்கும். சாமியைத் தொட்டால் ஊரே கேட்கும். இது எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். கொஞ்ச காலம் கழித்து ஒரு ராத்திரி அப்பா, "ரோடு தெக்க தள்ளிப் போவுதாம். அங்கன வெட்டவெளிதானே, சிக்கல் இல்லைன்னுட்டாவ" என்றார். சொல்லிவிட்டுத் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்து, அத்தையை நிமிர்ந்து பார்த்து, "துவையல் இப்பல்லாம் திப்பி திப்பியாவே இருக்கு" என்றார். அதற்குள் அம்மா கடைத்தெருவில் வேறு குழவி வாங்கியிருந்தாள். ஜோடி சேராத குழவி, எப்படி இழுத்தாலும் நடுவில் அரையாது. அத்தை சிரித்தாள். எனக்குத் தெரிந்து அப்பாவும் அத்தையும் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

காடு பிழைத்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சாமி வளரும் என்பதை அத்தை நினைத்துப் பார்க்கவில்லை. மரம் மட்டும்தான் வளரும் என்று நினைத்துவிட்டாள்.

முதலில் வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. அது அழகாகத்தான் இருந்தது. பிறகு தென்புறம் போட்ட புதுச் சாலையில் லாரி ஓட்டுகிற ஒருவர் பெரிய விபத்திலிருந்து தப்பித்ததற்காகக் கல்லைச் சுற்றி மேடை கட்டிக் கொடுத்தார். மேடைக்குத் தகரக் கூரை வந்தது. அடுத்த ஆடியில் கொடை வந்தது. வில்லுப்பாட்டும் மேளமும் ஒலிபெருக்கியும் வந்தன. நடுச்சாமத்தில் வேட்டுப் போட்டார்கள். காலையில் இலுப்பை மரத்தில் ஒரு வாவல் இல்லை. நான் போய் அண்ணாந்து பார்த்தேன். கிளைகள் துடைத்து வைத்தது போல் இருந்தன. அவை திரும்பி வரவே இல்லை. சருகுக்குள் பாம்பு வரும் என்று சொல்லித் தினமும் கூட்டிக் குவித்து எரித்தார்கள். அந்தப் புகை நேரே அத்தையின் கட்டிலுக்கு வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனாள்.

ஆனாலும் பெரிய மருதத்தின் நிழலை விட்டு அவள் வெளியே போகவில்லை. அதற்கும் ஒரு நாள் வந்தது. சொர்ணத்தின் மூத்த மகன் கணேசன் அண்ணன் அப்போது கல்லூரி முடித்துவிட்டுக் கொடைக் கமிட்டியில் ஓடியாடிக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை. அவர்தான் தயங்கித் தயங்கி வந்து, "அத்தை, தப்பா நெனைக்காதிய. அம்மனுக்கு நேரே கட்டில் கெடக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றார். எனக்கு அப்போது பாவாடை தாவணி உடுத்தும் வயது. உடம்பெல்லாம் எரிந்தது. அது எங்கள் வீட்டுக் குழவி, இன்னும் அதன் அடியில் சுரண்டினால் தேங்காய் வாசனை வரும் என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள், நகம் பதிகிற அளவுக்கு.

"சரிப்பா, அவ இருக்கட்டும்" என்றாள் கணேசன் அண்ணனிடம்.

கட்டிலை நானும் அவளும் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தோம். பாலத்தின் நடுவில் கீழே வைத்துவிட்டு, மூச்சு வரும் வரைக்கும் காத்திருந்து, பிறகு சொன்னாள்: "வாயத் தொறந்தேன்னு வையி, மறுநாளே கோடாலி வந்துரும். சாமி இருக்கிறவரைக்கும்தான் மரம் இருக்கும்." நான் அழுதேன். அவள் அழவில்லை. கட்டில் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தது. அரிசி ஆலையின் தூசியும் அடுப்புப் புகையும் அத்தையும் மறுபடி ஒன்றாக இருக்க ஆரம்பித்தார்கள்.

அத்தை நினைத்ததில் பாதிதான் நடந்தது. சாமி இருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அதற்கு ஒரு முறை இருந்தது. சாமி இடத்து மரத்தை நினைத்தபோது வெட்டிவிட முடியாது. 'பூக்கட்டிப் பார்க்க' வேண்டும். ஒரு இலையில் செவ்வரளியும் இன்னொரு இலையில் வெள்ளை நந்தியாவட்டையும் வைத்து, வெளியே தெரியாமல் பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் தட்டில் போடுவார்கள். அறியாத குழந்தை ஒன்றை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் வெட்டலாம் என்று உத்தரவு. வெள்ளை வந்தால் கூடாது. மடப்பள்ளிக்காக நாவலைக் கேட்டார்கள், சிவப்பு வந்தது. மண்டபத்துக்காக இலுப்பைகளைக் கேட்டார்கள், சிவப்பு வந்தது. வண்டி நிறுத்தப் பூவரசுகளைக் கேட்டார்கள், அதற்கும் சிவப்புதான். மரத்தைக் காப்பாற்றுவதற்காகப் போன எங்கள் குழவி ஒரு தடவைகூட மறுப்புச் சொன்னதில்லை. விடுமுறைக்கு நான் ஊருக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் பாலத்திலிருந்து பார்த்தால் ஆறு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். கன்னியாக இருந்த ஆறு ஆடையில்லாமல் நிற்கிறாள் என்று அத்தை ஒருமுறை சொன்னாள். பிறகு அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள்.

கடைசிக் காலத்தில் அத்தை மூச்சுக்கு மெஷின் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மெஷினைக் கழற்றச் சொல்லி, "ஏட்டி, அந்த எசக்கியப் போய்ப் பாத்துட்டு வருவோமா" என்றாள். ஆட்டோவில் கூட்டிப்போனேன். அதற்குள் அது மருதவன நாயகி என்று பெயர் மாறி, கோபுரமும் கருங்கல் சிலையும் வைத்தாகிவிட்டது. பழைய கல்லை 'ஆதி அம்மன்' என்று பெரிய மருதத்தின் அடியிலேயே தனியாக வைத்துப் பித்தளைக் கவசம் சாத்தியிருந்தார்கள். மருதவனம் என்ற பெயரில்தான் வனம் இருந்தது; நின்றது அந்த ஒற்றை மருதம். அத்தை அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, கவசத்துக்கு மேலே எட்டிப் பார்த்த மூளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகில், "குடுத்த எரவல இன்னும் திருப்பித் தரலையேட்டி. கேட்டு வாங்கிட்டுப் போயிருவோமா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, அவளை நான் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு வீடு வந்தேன். அந்தத் தை பிறப்பதற்குள் போய்விட்டாள்.

வேலைக்காக எங்கெங்கோ இருந்துவிட்டு, நான் இப்போது பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்துவிட்டேன். அத்தையின் இளைப்பு எனக்கும் வந்துவிட்டது. கைப்பையில் மூக்குக்கண்ணாடியோடு இன்ஹேலரும் இருக்கிறது. அரிசி ஆலை மூடியாகிவிட்டது, விறகடுப்பும் இல்லை, ஆனாலும் தூசிக்குக் குறைவில்லை. ஆற்றுக்கு மேற்கே புதிதாக ஒரு குறுங்காடு வளர்க்கிறார்கள். நெருக்கமாக நட்ட கன்றுகள், சுற்றிலும் கம்பி வேலி, ஒவ்வொரு கன்றுக்கும் பெயர்ப் பலகை. நல்ல காரியம்தான், குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வெயில் ஏறியதும் கதவைப் பூட்டிவிடுகிறார்கள், சாயங்காலம்தான் திறக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகுதானே ஒரு மனுஷிக்குக் காடு வேண்டும் என்று காவல்காரரிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

போன பங்குனியில் கோயிலுக்கு வரச் சொல்லிக் கணேசன் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கமிட்டியில் இப்போது அவர்தான் மூத்தவர், பூக்கட்டுவதும் அவர்தான். பிராகாரம் முழுக்க வழவழவென்று கல் பதித்திருக்கிறார்கள். மத்தியானத்தில் கால் வைக்க முடியவில்லை. சின்ன வயதில் தார் ரோட்டில் குதித்தது போலவே குதித்து ஆதி அம்மனின் மருத நிழலுக்கு ஓடினேன். கல் பதித்த தரையிலும் அந்த நிழல் குளிர்ந்திருந்தது.

"பாத்தியா வடிவு, சனங்களுக்குக் கால் பொசுங்குது. நிழலுக்குத் தகரக் கூரை போடலாம்னு இருக்கு. அத்தை பேர்ல நீ உபயம் பண்ணினா நல்லா இருக்கும்" என்றார். தயங்கிவிட்டு மீதியையும் சொன்னார். இந்த மருதத்தின் வேர் கருவறைச் சுவரைத் தூக்குகிறதாம். வெட்ட வேண்டும் என்று கமிட்டியில் இளவட்டங்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்க்கப் போகிறார்களாம்.

எனக்கு மூச்சு முட்டியது. அது இளைப்பா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. "எங்க அத்தை அப்பவே ஒரு உபயம் பண்ணிட்டா அண்ணாச்சி" என்று கவசத்தைக் காட்டினேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தெரியும் வடிவு" என்றார். "எங்க அம்மா சாகும்போது சொன்னா. அவளுக்கு மட்டுமில்ல, தெருவுல அத்தனை பொம்பளைகளுக்கும் தெரியுமாம். துவையல் அரைக்க வாறவளுக்கு உங்க வீட்டுக் குழவி மாறினது தெரியாமலா இருக்கும்? மரம் நிக்கணுமேன்னு எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்காவ. எனக்கு அன்னைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கட்டில எடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்போ இந்த மரத்தையாவது விட்டுருங்களேன்."

"இப்ப அது குழவி இல்லையே, சாமியாயிட்டுல்லா. அவ உத்தரவு குடுத்துட்டான்னா யாரு என்ன செய்ய முடியும்?" அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கல்லைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான் போனேன். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனாலும் அன்றைக்கு எங்கள் குழவியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை வருஷம் இந்த வெயிலுக்கும் மழைக்கும் உன்னைத் தாங்கிய மரம், ஒரே ஒரு தடவை கூடாது என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். கணேசன் அண்ணன் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பொட்டலங்களின் முடிச்சை மறுபடி மறுபடி இறுக்கினார். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். நந்தியாவட்டை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை கிளம்பியது. இளவட்டங்கள் முணுமுணுத்துக்கொண்டே, சுவருக்கு வேறு வழி பார்ப்போம் என்று கலைந்தார்கள். கணேசன் அண்ணன் தட்டோடு என்னிடம் வந்து திருநீறு கொடுத்தார். தட்டில் மீந்திருந்த மற்றப் பொட்டலத்தையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். "அத்தை கட்டிலு இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வாய்க்கால் பாலம் இப்போது அகலமாகிவிட்டது. வாய்க்கால்தான் ஒடுங்கிச் சாக்கடையாகிவிட்டது. முன்பு அத்தை கட்டிலை இறக்கி வைத்த இடத்தில் நின்று பொட்டலத்தைப் பிரித்தேன். அதற்குள்ளும் நந்தியாவட்டைதான் இருந்தது.

வாவல்கள் போய்விட்டன. இலுப்பையும் நாவலும் பூவரசும் போய்விட்டன. அவற்றுக்குப் பொட்டலம் கட்டியவர்கள் எந்தப் பூவை வைத்துக் கட்டினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை. பாலத்தில் நின்று அத்தையை நினைத்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்தபோது மூச்சு சீராக இருந்தது. தெருவின் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. கணேசன் என்பதும் அந்த அண்ணனின் பெயர் இல்லை. அம்மனையும் வேறு பெயரில்தான் கூப்பிட்டிருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் மஞ்சள் துணி கட்டிய மருதங்கள் எத்தனையோ இருக்கின்றன. எது அது என்று தேட வேண்டாம். மத்தியானத்தில் அந்தப் பக்கம் போனால், செருப்பைக் கழற்றிவிட்டு நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.